கணக்கு தப்பா வருதா? அழிக்காதீங்க, அந்தத் தப்பான விடையையே பாருங்க

ராத்திரி ஒன்பது மணி. நாளைக்கு நோட்டு காட்ட வேண்டும். பிள்ளை போட்ட கணக்குக்கு விடை 31/3 என்று வந்திருக்கிறது. புத்தகத்தின் பின்பக்கத்தில் 5 என்று இருக்கிறது. இந்த நேரத்தில் வீட்டில் வழக்கமாக என்ன செய்வோம்? எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போடச் சொல்வோம். பிள்ளையும் போடும். அதே இடத்தில் அதே மாதிரி சறுக்கி, அதே 31/3-ஐத் திரும்பக் கொண்டுவந்து நீட்டும்.

வீட்டு மாடியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ரப்பரைக் கையில் எடுக்காதே என்பதுதான் அங்கே முதல் விதி. விடை எப்படித் தப்பாக வந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே எங்கே தப்பு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பின்னமாக வந்ததா, குறி மட்டும் மாறி வந்ததா, வர வேண்டியதைப் போல நாலு மடங்கு வந்ததா, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அடிக்கடி கண்ணில் படுகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு சின்ன ஏற்பாடு. நோட்டில் எக்ஸ் வரும் இடத்தில் எல்லாம் இங்கே ‘க’ என்று போடுகிறேன். இதைப் பார்த்ததுமே உங்கள் பிள்ளை முழித்தால் அதையே முதல் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ் என்றால் மடமடவென்று போடுவான், எழுத்தை மாற்றினால் கை நின்றுவிடும். எழுத்து என்பது இன்னும் தெரியாத ஓர் எண், அவ்வளவுதான் என்பது அவனுக்குப் பதியவில்லை. எழுத்தே இல்லாமல் ஒரு காலிக் கட்டம் வரைந்து, 3 × □ + 2 = 14 என்று கொடுங்கள். நாலு என்று உடனே சொல்வான். அதே கட்டத்துக்குள் ‘க’வை எழுதிக் காட்டுங்கள்.

அறிகுறி: முழு எண் வர வேண்டிய இடத்தில் விகாரமான பின்னம்

அந்த 31/3 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கேள்வி: 5க − 2(க − 4) = 23.

பிள்ளை எழுதியது:
5க − 2க − 8 = 23
3க = 31
க = 31/3

அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் −2 உள்ளே இருக்கிற இரண்டையும் பெருக்க வேண்டும். −2-ஐ −4-ஆல் பெருக்கினால் +8. பிள்ளை 2-ஐ உள்ளே கொண்டுபோனான், கழித்தல் குறியை வாசலிலேயே விட்டுவிட்டான். ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளில் நான் சிவப்பு மை போடுவதில் பாதி இந்த ஒரு இடத்துக்குத்தான் போகிறது.

கண்ணால் பார்த்துத் தப்பு தெரியவில்லை என்றால், சரியான விடையான 5-ஐ எடுத்து மேலிருந்து ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பாருங்கள். கேள்வியில் போட்டால் 25 − 2 = 23, சரி. இரண்டாம் வரியில் போட்டால் 25 − 10 − 8, அதாவது 7. 23 வரவில்லை. எந்த வரியில் முதலில் உடைகிறதோ, அந்த வரிக்கும் அதற்கு மேல் வரிக்கும் இடையில்தான் தப்பு. அதற்குக் கீழே இருப்பதைப் பார்க்கவே வேண்டாம். இயற்கணிதத்தில் சமன்பாடு எதுவானாலும் இந்த வழி எடுபடும். அம்மா அப்பாவுக்குக் கணக்கு மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

புத்தக விடை கையில் இல்லையா? க = 1 என்று ஏதாவது ஒரு எளிய எண்ணை வைத்துக்கொண்டு இடப்பக்கத்தை மட்டும் இரண்டு வரியிலும் கணக்கிடுங்கள். மேல் வரியில் 5 + 6 = 11. கீழ் வரியில் 5 − 2 − 8 = −5. விரித்தது சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாக வந்திருக்க வேண்டும்.

பின்னம் வந்தாலே தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பின்னம்தான் விடை என்று வரும் கணக்குகளும் ஏராளம். சந்தேகம் வந்தால் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

அறிகுறி: எண் சரி, குறி மட்டும் தப்பு

இதற்குப் பொறுப்பு பெரும்பாலும் சொல்லிக் கொடுத்தவர்கள்தான், என்னையும் சேர்த்து. “அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்ற மந்திரத்தைச் சின்ன வகுப்பிலேயே ஓதிவிடுகிறோம். பிள்ளை 3க = 12 என்பதைப் பார்க்கிறாள். மூன்று அந்தப் பக்கம் போகிறது, குறி மாறுகிறது. க = 12/(−3) = −4. இன்னொரு பிள்ளை −3க = 12 என்பதை அதே மந்திரத்தால் 12/3 = 4 ஆக்குகிறாள். இருவரும் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார்கள், திட்ட முடியாது.

எதுவும் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கத்தையும் −3-ஆல் வகுக்கிறோம், அதனால் இடப்பக்கம் ‘க’ மட்டும் மிஞ்சுகிறது, வலப்பக்கம் −4 ஆகிறது. இரண்டு வாரம் மட்டும், ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் “இருபுறமும் 7 கூட்டு”, “இருபுறமும் −3-ஆல் வகு” என்று எழுத வையுங்கள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், நேரமாகிறது என்பார்கள். விடாதீர்கள்.

அறிகுறி: இருபடிச் சமன்பாட்டில் மூலங்கள் பொருந்தவில்லை

மூலங்களின் (அதாவது சமன்பாட்டுக்குப் பொருந்தும் இரண்டு விடைகளின்) கூடுதல், பெருக்கற்பலன் இரண்டையும் ஒரு மதிப்பெண் கேள்விக்காக மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். தப்பைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி இல்லை.

3க² − 5க − 2 = 0 என்று எடுத்துக்கொள்வோம். நடு எண் −5-ஐக் குறி மாற்றி முதல் எண் 3-ஆல் வகுத்தால் மூலங்களின் கூடுதல், அது 5/3 வர வேண்டும். கடைசி எண் −2-ஐ அதே 3-ஆல் வகுத்தால் பெருக்கற்பலன், அது −2/3 வர வேண்டும். சூத்திரத்தில் போட்டால் க = (5 ± √(25 + 24))/6, ஆக சரியான மூலங்கள் 2, −1/3. கூட்டினால் 5/3, பெருக்கினால் −2/3. சரி, இப்போது என் மாடியில் இதே கணக்குக்கு வந்த விடைகளைப் பாருங்கள்.

ஒருவன் 1, 2/3 என்று கொண்டுவந்தான். அழகான விடை, சந்தேகமே வராது. கூட்டிப் பார்த்தால் 5/3, அதுவும் சரி! பெருக்கினால் மட்டும் +2/3. கூடுதல் சரி, பெருக்கற்பலன் தப்பு என்றால் தப்பு வர்க்கமூலத்துக்குள், அதாவது தன்மைக்காட்டியில் இருக்கிறது. 25 + 24 = 49 என்று வர வேண்டியதை 25 − 24 = 1 என்று போட்டிருந்தான். கடைசி எண் −2 என்பதை மறந்து 2 என்று எடுத்துவிட்டான். சூத்திரத்தில் ‘கூட்டல் கழித்தல்’ குறியோடு வருகிற பகுதி, இரண்டு மூலங்களையும் கூட்டும்போது அடிபட்டுப் போய்விடும். அதனால் அங்கே என்ன தப்பு நடந்தாலும் கூடுதல் அதைக் காட்டிக்கொடுக்காது. கூட்டிப் பார்த்து ஒத்துவந்தது என்று நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொருத்தி −2, 1/3 என்றாள். பெருக்கற்பலன் சரி, கூடுதல் −5/3. நடு உறுப்பின் கெழு −5, சூத்திரத்தின் தொடக்கத்தில் அதற்கு முன்னால் இன்னொரு கழித்தல், ஆக +5. அவள் −5 என்றே போட்டுவிட்டாள்.

மூன்றாமவனுக்கு 37/6, 23/6. கூடுதல் 10! வகுக்கும் கோட்டை வர்க்கமூலத்துக்குக் கீழே மட்டும் போட்டு, முன்னால் இருக்கும் 5-ஐ வெளியே நிறுத்திவிட்டான். கோட்டை நீளமாகப் போடு என்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

நான்காவது ஆள் விடையே தரவில்லை. “மிஸ், இதுக்கு மெய் மூலங்கள் இல்லை” என்று முடித்துவிட்டான். −5-ன் வர்க்கத்தை −25 என்று எழுதி, −25 + 24 = −1 என்று கொண்டுவந்திருந்தான். கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் அடித்தால் பல கருவிகள் இதே −25-ஐத்தான் காட்டும். அதனால் “கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்” என்பதை நம்ப வேண்டாம்.

சூத்திரம் இல்லாமல் காரணிப்படுத்துகிறவர்களுக்கு வருகிற அறிகுறி வேறு: கடைசியில் இரண்டு அடைப்புக்குறிகளும் ஒன்றாக வராது. 6க² − க − 2-ஐப் பிரித்து, 6க² + 3க − 4க − 2 என்று சரியாகவே எழுதுவார்கள். அடுத்த வரியில் 3க(2க + 1) − 2(2க − 1). ஒன்றில் கூட்டல், ஒன்றில் கழித்தல். கழித்தலை வெளியே எடுத்தால் உள்ளே இருக்கும் குறி மாறும் என்பதுதான் விஷயம், முதல் அறிகுறியில் பார்த்த அதே நோய். அடைப்புக்குறிக்குள் எண்களே வேறு வேறாக வந்தால் மட்டும் மேலே போய், பெருக்கினால் −12, கூட்டினால் −1 தருகிற ஜோடியைச் சரியாகப் பிடித்தோமா என்று பாருங்கள்.

அறிகுறி: மகனுக்கு வயது 0

எனக்கு மிகவும் பிடித்த இடம் வாக்கியக் கணக்குதான். இங்கே தப்பான விடை வாய்விட்டே பேசும்.

அப்பாவின் வயது மகனின் வயதைப் போல 4 மடங்கு. 5 ஆண்டுகளுக்குப் பின் 3 மடங்கு. இப்போதைய வயதுகள் என்ன? மகன் க, அப்பா 4க. ஐந்து ஆண்டு கழித்து 4க + 5 = 3(க + 5). க = 10. மகனுக்கு 10, அப்பாவுக்கு 40. சரிபார்த்தால் 45 என்பது 15-ஐப் போல மூன்று மடங்கு.

ஒரு பெண் இதற்கு “மகனின் வயது = 0, தந்தையின் வயது = 0” என்று எழுதி, அளவுகோல் வைத்துக் கட்டமும் போட்டுக் கொண்டுவந்தாள். அப்பாவே இன்னும் பிறக்கவில்லை. அவள் எழுதியிருந்தது 4க + 5 = 3க + 5. அடைப்புக்குறி இல்லை. மூன்று மடங்கானது இப்போதைய வயதுதான், கூடப்போகும் 5 ஆகவில்லை. பூச்சியம் வந்தால் விட்டுப்போன அடைப்புக்குறியைத் தேடுங்கள்.

மகனுக்கு 15, அப்பாவுக்கு 60 என்று வந்தால், 4க = 3(க + 5) என்று எழுதியிருப்பார்கள். ஐந்து வருஷத்தில் மகனுக்கு மட்டும் வயது கூடியது, அப்பா அப்படியே இருந்துவிட்டார். இது ஆபத்தானது, ஏனென்றால் 15, 60 என்பது நம்பும்படி இருக்கிறது. கேள்வியின் கடைசி வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் மாட்டும்: 65 என்பது 20-ஐப் போல மூன்று மடங்கு இல்லை.

−10/11 என்று வந்தால்? 3(4க + 5) = க + 5. “போல மூன்று மடங்கு” என்பதில் யாரை மூன்றால் பெருக்குவது என்று தலைகீழாகப் பிடித்துவிட்டார்கள். பெரியவரின் வயதை இன்னும் மூன்று மடங்காக்கி, அது சின்னவனின் வயதுக்குச் சமம் என்கிறது சமன்பாடு. கழித்தல் வயது வராமல் என்ன செய்யும்? இதற்கு நான் சொல்லும் வழி, சமன்பாடு எழுதும் முன் வாய்விட்டுக் கேட்பது: யார் பெரியவர்? சின்னவரைப் பெருக்கித்தானே பெரியவருக்குச் சமமாக்க முடியும்? பேனா விலை, பென்சில் விலை, ஆண்கள் பெண்கள் எண்ணிக்கை என்று ‘மடங்கு’ வரும் கணக்கு எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

அறிகுறி: விடை சரி, ஆனால் எப்படி என்று கேட்டால் முழிக்கிறான்

(க² − 9)/(க − 3)-ஐச் சுருக்கு. ஒரு பையன் க²-ஐயும் க-வையும் அடித்தான், மிச்சம் க. 9-ஐயும் 3-ஐயும் அடித்தான், மிச்சம் 3. கழித்தலும் கழித்தலும் கூட்டல். விடை க + 3. புத்தகத்திலும் க + 3.

நான் சரி என்று குறி போட்டிருந்தால் அவ்வளவுதான். அடுத்து (க² + 9)/(க + 3)-ஐக் கொடுத்தேன். அதற்கும் க + 3 என்றான். க = 1 போடச் சொன்னேன். 10/4, அதாவது 2.5. அவன் விடைப்படி 4. கூட்டலாலும் கழித்தலாலும் ஒட்டியிருக்கும் உறுப்புகளைத் தனித்தனியே அடிக்க முடியாது, பெருக்கலில் நிற்கும் காரணிகளை மட்டுமே அடிக்கலாம். முதல் கணக்கில் மேலே (க + 3)(க − 3) என்று பிரித்தபின் (க − 3) அடிபடுகிறது. இரண்டாவதில் பிரிக்கவே வழியில்லை, அப்படியே விட்டுவிட வேண்டும்.

அறிகுறி: படத்துக்கும் விடைக்கும் சண்டை

வடிவியலில் போட்டுப் பார்க்கும் வசதி குறைவு. அதற்குப் பதில் படம் இருக்கிறது.

செங்கோண முக்கோணத்தில் கர்ணம் 13, ஒரு பக்கம் 5, மற்ற பக்கம் ஏறக்குறைய 13.9 என்று வந்தால் அங்கேயே நில்லுங்கள். கர்ணத்தைவிடப் பெரிய பக்கம் இருக்க முடியாது. 169-லிருந்து 25-ஐக் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறீர்கள், விடை 12. பக்கங்கள் 3, 4 என்றிருக்க கர்ணம் 7 என்று வந்தால் வர்க்கங்களைக் கூட்டிய பிறகு வர்க்கமூலம் எடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எடுத்துக் கூட்டியிருக்கிறீர்கள். 3-ம் 4-ம் சேர்ந்து 7 ஆகிற இடத்தில் முக்கோணமே இல்லை, ஒரு நேர்கோடு படுத்திருக்கிறது.

அடிப்பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும் என்கிற தேல்ஸ் தேற்றத்தில் ஒரு குழி உண்டு. முக்கோணத்தின் ஒரு பக்கத்தில் மேல் உச்சியிலிருந்து 6 செ.மீ. இறங்கி, அங்கிருந்து அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போகிறது. அந்தப் பக்கத்தில் கீழே மிச்சம் 4 செ.மீ. அடிப்பக்கம் 15 செ.மீ. என்றால் உள்ளே இருக்கும் கோடு எவ்வளவு? பிள்ளைகள் 6/4-ஐ எடுத்து 15-ஆல் பெருக்கி 22.5 என்பார்கள். முக்கோணத்துக்குள் கிடக்கும் கோடு அடிப்பக்கத்தைவிட நீளமாம்! மேல் துண்டுக்கும் கீழ்த் துண்டுக்கும் உள்ள விகிதம் பக்கங்களின் துண்டுகளுக்குத்தான். இணைகோட்டின் நீளம் கேட்டால் சின்ன முக்கோணத்தையும் முழு முக்கோணத்தையும் ஒப்பிட வேண்டும், 6/10 × 15 = 9. துண்டுகள் மேலே 4, கீழே 6 என்று மாறியிருந்தால் தப்பான விடை 10 என்று வரும், அடிப்பக்கத்தைவிடச் சின்னதாக இருப்பதால் மணி அடிக்காது. அதனால் இரண்டு முக்கோணங்களையும் தனித்தனியே பக்கத்தில் வரைந்துகொண்டு நீளங்களை எழுதுவதே பாதுகாப்பு.

படம் போடும்போது ஒன்று. முக்கோணத்தை வேண்டுமென்றே கோணலாகப் போடுங்கள். அழகாக இருசமபக்க முக்கோணமாக வரைந்தால், கேள்வியில் இல்லாத சமத்தை எல்லாம் கண் நம்பிவிடும்.

ஆயத்தொலை வடிவியலில் முக்கோணத்தின் பரப்பு கழித்தலில் வந்தால் பதற வேண்டாம், புள்ளிகளைக் கடிகாரம் சுற்றும் திசையில் எடுத்திருக்கிறீர்கள். எதிர்த்திசையில் எடுத்து எழுதினால் சரியாகிவிடும்.

அறிகுறி: புத்தக விடையைப் போல சரியாக இத்தனை மடங்கு

அளவியலில் உங்கள் விடையைப் புத்தக விடையால் வகுத்துப் பாருங்கள். உருளையின் விட்டம் 14, உயரம் 10 என்றால் கன அளவு 1540 கன செ.மீ. உங்களுக்கு 6160 வந்தால் அது சரியாக 4 மடங்கு, ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். கோளத்தின் கன அளவில் இதே தப்பு 8 மடங்காக வரும். 3 மடங்கு என்றால் கூம்பின் 1/3-ஐ விட்டீர்கள். 2 மடங்கு என்றால் அரைக்கோளத்தை முழுக்கோளமாக்கிவிட்டீர்கள். அரைக்கோளத்தின் மொத்தப் புறப்பரப்பு மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கிறது என்றால், வளைபரப்போடு நின்று மேலே இருக்கும் வட்டத்தைக் கூட்டாமல் விட்டிருக்கிறீர்கள். ஆயிரம் மடங்கு என்றால் லிட்டர், கன மீட்டர் குழப்பம். கூம்பில் மடங்காக இல்லாமல் கொஞ்சமே கொஞ்சம் கூட வந்தால் உயரத்துக்குப் பதில் சாயுயரம் புகுந்திருக்கும்: ஆரம் 7, உயரம் 24 என்ற கூம்புக்கு 1232-க்குப் பதில் ஏறக்குறைய 1283 வரும்.

அறிகுறி: கோடுகள் வெட்டிக்கொள்ளவே இல்லை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைதல் கேள்விக்கு 8 மதிப்பெண், அதனால் இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கலாம். அடிப்பக்கம், உச்சிக்கோணம், கூடவே நடுக்கோடு அல்லது குத்துயரம் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்வார்கள். அடிப்பக்கத்தின் இடது முனையில், கீழ்ப்பக்கமாக உச்சிக்கோணத்தின் அளவில் ஒரு சாய்கோடு. அந்தச் சாய்கோட்டுக்கு 90 பாகையில், அதே முனையிலிருந்து மேலே இன்னொரு கோடு. இந்தக் கோடும் அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் வெட்டும் இடம்தான் வட்ட மையம்.

தாளின் விளிம்புவரை நீட்டியும் இரண்டும் வெட்டவில்லையா? 90 பாகையைச் சாய்கோட்டிலிருந்து அளக்காமல் அடிப்பக்கத்திலிருந்து அளந்திருக்கிறீர்கள். இப்போது இரண்டு கோடுகளுமே அடிப்பக்கத்துக்குச் செங்குத்து, அதாவது இணைகோடுகள். எவ்வளவு பெரிய தாளானாலும் வெட்டாது.

வட்டம் இடது முனை வழியாகப் போகிறது, வலது முனையைத் தொடவில்லை என்றால் மையக்குத்துக்கோடு சரியாக நடுவில் விழவில்லை, அல்லது கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கிறது. திருகை முதலில் பாருங்கள். முக்கோணம் முடிந்தபின் கோணமானியை உச்சியில் வைத்து அளந்தால், 30 பாகைக்குப் பதில் 150 காட்டினால் உச்சியைத் தப்பான வில்லில், சாய்கோடு இருக்கும் பக்கமாகவே எடுத்துவிட்டீர்கள்.

வடிவொத்த முக்கோணம் வரையும்போது அளவு காரணி 7/3 என்று கொடுத்திருக்க, வந்தது சின்னதாக இருந்தால் புள்ளிகளை மாற்றி இணைத்திருக்கிறீர்கள். அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து போடும் சாய்கோட்டில் சம இடைவெளியில் ஏழு புள்ளி குறித்து, மூன்றாவதை அடிப்பக்கத்தின் மறுமுனையோடு இணைத்து, ஏழாவதிலிருந்து அதற்கு இணைகோடு போட வேண்டும்.

அறிகுறி: எல்லா வரியும் சரி, விடை மட்டும் வேறு

முதலில், இரண்டும் ஒன்றேதானா என்று பாருங்கள். 1/√2-ம் √2/2-ம் ஒரே எண்தான், புத்தகம் பின்னத்தின் கீழே மூலக்குறி இல்லாமல் எழுதியிருக்கும். அப்படியும் இல்லை என்றால், புத்தக விடையைக் கேள்வியிலேயே போட்டுப் பாருங்கள். முதல் வரியிலேயே உடைந்தால் நோட்டில் இருக்கிற கேள்வியையும் புத்தகத்தில் இருக்கிற கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கூட்டிப் படியுங்கள். போன மாதம் ஒரு பெண்ணின் கணக்கில் அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். வரிக்கு வரி சரி, விடை மட்டும் ஒத்துவரவில்லை. கடைசியில் பார்த்தால் கரும்பலகையில் இருந்த 28-ஐ 23 என்று எழுதி வந்திருக்கிறாள். “அப்போ நான் போட்டது கரெக்ட்தானே மிஸ்?” என்றாள். கரெக்ட்தான்.